நாய்க்குட்டி வளர்ப்பில் முதல் நான்கு மாதங்கள்

(நத்தத்தில் கூடிய ஊராட்சி உறுப்பினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



கறவை மாடு, வெள்ளாடு, கோழி ஆகியவற்றின் வளர்ப்பைப் பற்றி இத்தகைய கூட்டங்களில் பல முறை பேசியிருக்கிறோம். இன்று நாய்க்குட்டி வளர்ப்பைப் பற்றிச் சில கூற விரும்புகிறோம். இது அத்தனை முக்கியமான விஷயமா என்று சிலர் எண்ணக்கூடும். சிறுமலையும் கரந்தமலையும் அழகர்மலையும் சூழ்ந்தது நமது நத்தம் வட்டாரம். மாந்தோப்புகளும் புளியந்தோப்புகளும் ஊருக்குத் தொலைவில் இருக்கின்றன. ஆட்டுப்பட்டிகள் பலவும் தோட்டத்திலேயே இருக்கின்றன. இரவு நேரத்தில் இவற்றையெல்லாம் காத்து நிற்பது பெரும்பாலும் ஒரு நாயே. அந்த நாய்க்கு நாம் செய்யும் செலவு குறைவு. செலுத்தும் கவனமோ அதனினும் குறைவு.

கவனம் குறைந்தால் வரும் தீங்கையும் நாம் அறிவோம். திருப்பூர் மாவட்டத்தில் காங்கேயம், வெள்ளக்கோவில் பகுதிகளில் 2024, 2025 ஆம் ஆண்டுகளில் தெருநாய்கள் கடித்து ஏராளமான ஆடுகள் மாண்டன. இழப்பீடு கேட்டு விவசாயிகள் போராட நேர்ந்தது. இவ்வாறு ஆட்டைக் கடிக்கும் நாயும், பட்டியைக் காக்கும் நாயும் வெவ்வேறு பிறவிகள் அல்ல. ஒரே தாயின் வயிற்றில் பிறந்த இரு குட்டிகளில் ஒன்று காவலாகவும் மற்றொன்று தொல்லையாகவும் ஆகலாம். எது எவ்வாறு ஆகும் என்பது பெரும்பாலும் முதல் நான்கு மாதங்களில் நாம் அதனை நடத்தும் முறையைப் பொறுத்தது.

குட்டியை எப்பொழுது எடுப்பது?

நம் ஊர்களில் கண் திறந்து நடக்கத் தொடங்கியதும் குட்டியைத் தூக்கிச் சென்றுவிடும் வழக்கம் இருக்கிறது. இது தவறு. குட்டி எட்டு வாரம் தாயுடன் இருத்தல் அவசியம். நான்காவது வாரம் முதல் கஞ்சியும் குழைந்த சோறும் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். ஆயினும் தாயையும் உடன்பிறப்புகளையும் பிரிக்கலாகாது. குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடும்போது, அழுந்தக் கடித்தால் மற்றது கத்திக்கொண்டு விலகிவிடுகிறது. எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்ற பாடத்தைக் குட்டி இவ்வாறே கற்கிறது. முன்னதாகவே பிரிக்கப்பட்ட குட்டிக்கு இப்பாடம் கிட்டுவதில்லை.

எந்த இனத்தை வளர்ப்பது என்றும் கேட்கிறார்கள். நமது தென் மாவட்டங்களிலேயே ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய சிறந்த இனங்கள் உள்ளன. இவற்றைக் காக்கும் பொருட்டே கால்நடைப் பராமரிப்புத் துறை 1980-81 ஆம் ஆண்டில் சென்னை சைதாப்பேட்டையில் நாய் இனப்பெருக்கப் பிரிவைத் தொடங்கியது. அடர்ந்த உரோமமுடைய அயல்நாட்டு நாய்கள் நமது கோடையில் துன்புறும். ராஜபாளையம் குட்டி வாங்குவோர், அதன் பின்புறம் நின்று கைதட்டிப் பார்த்து வாங்குதல் நலம். அந்த இனத்தில் சில குட்டிகள் பிறவிச் செவிடாக இருப்பதுண்டு. நமது தெருவில் பிறந்த நாட்டு நாயும் நன்கு வளர்த்தால் எதற்கும் குறைந்தது அன்று.

உணவு

எட்டு வாரம் முதல் மூன்று மாதம் வரை நாளொன்றுக்கு நான்கு வேளையும், ஆறு மாதம் வரை மூன்று வேளையும், அதன் பின் இரு வேளையும் உணவு கொடுக்க வேண்டும். குட்டியின் வயிறு சிறிது; ஆகவே சிறிது சிறிதாகப் பல முறை கொடுப்பதே முறை. வெறும் பழஞ்சோறும் மோரும் வளரும் குட்டிக்குப் போதா. குழைந்த சோறு, கேழ்வரகுக் களி, கம்பங்கூழ் ஆகியவற்றுள் ஒன்றுடன் அவித்த முட்டையோ, வேகவைத்த இறைச்சித் துண்டுகளோ, முள் நீக்கிய மீனோ சேர்க்க வேண்டும். சோற்றையோ வெறும் இறைச்சியையோ மட்டும் தின்று வளரும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து கால் வளைந்துவிடுவதுண்டு. அதற்குரிய மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் கொடுக்க வேண்டும்.

பசும்பால் கொடுத்து வயிற்றுப்போக்கு உண்டானால் உடனே பாலை நிறுத்திவிட வேண்டும். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்பு, திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு போன்றவை. வேகவைத்த கோழி எலும்பு கூர்மையாக உடைந்து குடலைக் கிழித்துவிடும். தண்ணீர் எந்நேரமும் இருத்தல் வேண்டும். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். ஆனால் தொலைவிலிருந்து கண்ணுக்குத் தெரியலாகாது. இதுவே சரியான வளர்ச்சியின் அடையாளம்.

உடல் மெலிந்து வயிறு மட்டும் உப்பியிருக்கும் குட்டியைக் கொழுத்த குட்டி என்று எண்ணி மகிழ வேண்டாம். அது பெரும்பாலும் குடற்புழுவே. தாயின் வயிற்றிலிருக்கும்போதும், பால் வழியாகவும் இப்புழு குட்டிக்கு வந்துவிடுகிறது. இரண்டாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரை இரு வாரங்களுக்கு ஒரு முறையும், பின்னர் ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறையும் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். மண்ணில் விளையாடும் நமது குழந்தைகளையும் இப்புழு தாக்கக்கூடும் என்பதை நினைவிற் கொள்வீர்களாக.

தடுப்பூசி

ஆறு முதல் எட்டு வார வயதில் பார்வோ முதலிய நோய்களுக்கான தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும்; பின்னர் மருத்துவர் குறிக்கும் நாளில் மறு ஊசியும், ஆண்டுதோறும் ஓர் ஊசியும் அவசியம்.

1885 ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகத் தடுப்பு மருந்து செலுத்திக் காப்பாற்றினார். நமது குன்னூரில் 1907 ஆம் ஆண்டிலேயே பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் நமது நாட்டில் வெறிநோயால் மக்கள் இறக்கிறார்கள் என்றால், மருந்து இல்லாமையால் அன்று, அலட்சியத்தாலேயே. "குட்டி தானே, பல் பட்டதுதானே" என்று இருந்துவிடுவதே பெருந்தீங்கு. குட்டிக்கும் வெறிநோய் வரும். நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைத்தல் அரிதினும் அரிது. ஆகவே கடிபட்ட இடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, உடனே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ செல்ல வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, பச்சிலை எதுவும் தடவ வேண்டாம். மருத்துவர் குறித்த நாட்களில் எல்லா ஊசிகளையும் போட்டு முடிக்க வேண்டும்.

பழக்கும் முறை

அமெரிக்காவில் பார் ஹார்பர் என்னும் ஊரிலுள்ள ஆராய்ச்சிக் கூடத்தில் ஸ்காட், புல்லர் என்னும் இரு அறிஞர்கள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து, 1965 ஆம் ஆண்டில் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டனர். மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாவது வாரம் வரை குட்டி எவற்றோடு பழகுகிறதோ, அவற்றையே அது தன் சுற்றமாகக் கொள்கிறது என அவர்கள் கண்டனர். பதினான்கு வாரம் வரை மனிதரோடு பழகாது வளர்ந்த குட்டிகள் பின்னர் மனிதரைக் கண்டு அஞ்சின.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் தெளிவானது. அந்த நாட்களில் குட்டிக்கு வீட்டாரையும், பள்ளிப் பிள்ளைகளையும், தபால்காரரையும், டிராக்டர் ஓசையையும், ஆடு மாடு கோழிகளையும் அமைதியாக அறிமுகம் செய்ய வேண்டும். ஆட்டைக் காக்க வேண்டிய குட்டியைப் பட்டிக்கு அருகிலேயே, சாதுவான ஆடுகளுடன் வளர்க்கலாம். ஆனால் நம் கண் பார்வையில் இருக்க வேண்டும். ஆட்டுக்குட்டியை விளையாட்டாகத் துரத்தினாலும் அன்றே தடுக்க வேண்டும். இன்று விளையாட்டு என விட்டால் நாளை அதுவே வேட்டையாகும்.

உறங்கி எழுந்ததும், உண்டு முடித்ததும் குட்டியை வெளியே ஒரே இடத்திற்கு அழைத்துச் சென்றால், சில வாரங்களில் வீட்டினுள் அசுத்தம் செய்யாது. பெயர் சொல்லி அழைத்து, வந்ததும் தட்டிக் கொடுத்து ஒரு கவளம் கொடுக்க வேண்டும். "வா", "இரு", "வேண்டாம்" என்னும் மூன்று சொற்களை வீட்டார் அனைவரும் ஒரே விதமாகச் சொல்ல வேண்டும். ஒரு நேரத்தில் ஐந்து நிமிடப் பழக்கம் போதுமானது. கையைக் கடித்து விளையாடினால் விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்துவிட வேண்டும்.

மிளகாய் கொடுத்தாலும், இருட்டறையில் கட்டி வைத்தாலும், அடித்தாலும் நாய்க்கு ரோஷம் உண்டாகும் என்று சிலர் எண்ணுகின்றனர். அவ்வாறு உண்டாவது ரோஷம் அன்று, அச்சம். அஞ்சிய நாய் திருடனைக் கண்டு ஓடும், குழந்தையைக் கடிக்கும். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பது பழமொழி. வாலை நிமிர்த்த வேண்டிய தேவை நமக்கு இல்லை. குணத்தை இளமையில் திருத்த இயலும், அதுவே நமக்கு வேண்டுவது.

ஊராட்சியின் கடமை

பெட்டைக் குட்டி என்றால் சாக்கில் கட்டிச் சந்தையிலோ மலைச்சாலையிலோ விட்டுவரும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அவ்வாறு விடப்பட்டவற்றுள் பிழைப்பவை பெருகித் தெருநாய்க் கூட்டமாகின்றன. பெட்டை நாயும் ஆண் நாயைப் போலவே காவல் காக்கும். குட்டி வேண்டாதவர்கள் உரிய வயதில் கருத்தடை செய்துகொள்ளலாம். தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்வித்தல் உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பு என்று 2023 ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் கூறுகின்றன.

ஆகவே ஒவ்வோர் ஊராட்சியிலும் வளர்ப்பு நாய்களைக் கணக்கெடுத்து, கால்நடை மருத்துவரைக் கலந்து ஆண்டுக்கு ஒரு நாளேனும் தடுப்பூசி முகாம் நடத்துவீர்களாக. குட்டி ஈன்ற வீடுகளை அறிந்து, எட்டு வாரத்திற்குப் பின் அக்குட்டிகள் வேண்டுவோர் வீட்டிற்குச் செல்லுமாறு வழி செய்வீர்களாக. வேண்டாத குட்டியைச் சாலையில் விட எவரும் முற்பட்டால், அதனை ஊராரே தடுத்து நிறுத்துவீர்களாக. இவை பெரும் பணம் வேண்டும் காரியங்கள் அல்ல. நம் மனம் இருந்தால் ஆகக்கூடியவையே என்று கூறி எமது உரையை முடித்துக்கொள்கிறோம்.