எலும்பு கேட்கும் அவகாசம்

இழந்த பல்லுக்கு ஈடாகத் தாடையெலும்பில் உலோக வேர் பதிக்கும் சிகிச்சைக்கு எத்தனை நாள் செல்லும் என்று பலரும் வினவுவர். அதற்கு விடை தருவது வைத்தியர் அல்லர், எலும்பே.

சுவீடன் நாட்டு ஆய்வாளர் பிரானெமார்க், முயலின் எலும்பிற் பொருத்திய டைட்டேனியம் பிரிக்கவொண்ணாதபடி அதனோடு ஒன்றிவிட்டதை 1952ஆம் ஆண்டிற் கண்டார். 1965இல் அம்முறையால் ஒருவருக்குப் பல் அமைத்தார். அவ்வொன்றிப்பே இச்சிகிச்சையின் உயிர்நாடி.

பல் பிடுங்கிய புண் ஆறப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள் வேண்டும். பின்னர்த் தாடையை மரக்கச்செய்து, திருகாணி போன்ற வேரைப் பதிப்பர். சில நாள் வீக்கமும் வலியும் இயல்பே. அதன்பின் மூன்று முதல் ஆறு மாதம் வரை காத்திருத்தல் வழக்கம். கீழ்த்தாடை எலும்பு செறிவானது, விரைந்து பற்றும். மேற்றாடை தாமதிக்கும். எலும்பு குறைந்தவர்க்கு அதனை நிரப்ப மேலும் சில மாதங்கள் செல்லும். ஈற்றிலேயே நிலையான பல் பொருத்தப்படும்.

தக்கவர் சிலருக்கு அன்றே தற்காலிகப் பல் வைப்பதும் உண்டு. ஆயினும், பற்றாத வேரில் பாரம் மிகுந்தால் அது அசையும். எலும்புக்குப் பதிலாக நாரிழையம் சூழ, வேர் கழன்றுவிடும். புகைபிடித்தலும் கட்டுப்படாத நீரிழிவும் இக்கேட்டுக்குத் துணைபோவன.

ஆதலின், காத்திருக்கும் மாதங்கள் வீணானவை அல்ல; சிகிச்சை உள்ளே நடைபெறும் காலம் அதுவே.