யானையைக் கவிழ்த்துப் பாருங்கள்

கண்டியிலிருந்து கொழும்பு போகும் பஸ் கடுகண்ணாவை இறக்கத்தையும் மாவனல்லையையும் தாண்டினால், கேகாலைக்குச் சற்று முன்னால் மொலகொட. வீதியோரமெல்லாம் சட்டி, பானை, பூச்சாடி. நடுவில் மண் யானைகள். எல்லாரும் யானையின் முகம் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். நீங்கள் கவிழ்த்து வயிற்றைப் பாருங்கள்.

மண் பொம்மையில் கெட்டிக்காரத்தனம் அங்கேதான் இருக்கிறது. தடித்த களிமண்ணில் தங்கிய ஈரம் சூளையில் ஆவியாகிப் பொம்மையை வெடிக்கவைத்துவிடும். அதனால் உள்ளே கூடாக வைத்து, ஆவி போக ஒரு துளையும் விடுவார்கள். ரோமானியர்களுக்கும் இதே பாடுதான். சேவல், நாய், காளை என்று அவர்கள் செய்தவற்றில் பெரும்பகுதி அச்சு வேலை: இரண்டு பாதி அச்சுகளில் மண்ணை அழுத்தி, ஒட்டி, விளிம்பைச் சீவிச் சுட்டார்கள். இன்றைய பிரான்சின் அல்லியே ஆற்றுப் பள்ளத்தாக்கில் வெள்ளைக் களிமண்ணில் இவை ஏராளமாகச் செய்யப்பட்டன. அழகுதான். ஆனால் ஓர் அச்சில் பிறந்த சேவல்களெல்லாம் ஒரே மாதிரித்தான் விழிக்கும். செய்தவரின் கையைக் காண வேண்டுமானால் முதுகில் ஓடும் ஒட்டுக்கோட்டைத்தான் தேட வேண்டும்.

தமிழ்நாட்டில் ஊர்க்காவல் தெய்வமான அய்யனாருக்கு வைக்கும் மண் குதிரையில் கையைத் தேடவே வேண்டாம். ஊரார் பிடிமண்ணாக ஒரு பிடி மண் கொடுத்த பிறகுதான் வேளார் எனப்படும் குயவர் வேலையைத் தொடங்குவார். மண்ணோடு உமி சேரும். சூட்டில் உமி எரிந்து நுண்துளைகள் விட, ஆவிக்கு வழி கிடைக்கும். கால்களைக் குழாயாக எடுத்து நிறுத்தி, அவற்றின்மேல் உடலை வளர்ப்பார்கள். ஆளுயரத்துக்கு மேலான குதிரைகூட உள்ளே வெறுங்கூடுதான்! குதிரையைக் கோயிலுக்கு எடுத்துச் செல்லும் புரவி எடுப்பு விழா முடிந்ததும் அது கோயில் வெளியில் வெயிலுக்கும் மழைக்கும் நிற்கும். காலொடிந்தால் ஒட்டவைக்கமாட்டார்கள், அடுத்த எடுப்புக்குப் புதுக் குதிரை வரும். ரோமானியச் சேவலைவிட எனக்கு இதுதான் ஒரு படி மேல்.

மண் உருவங்களில் மயங்கியது நான் மட்டுமல்ல. கண்டிக் கைவினைகளை ஆராய்ந்து 1908இல் பெரிய நூல் எழுதிய ஆனந்த குமாரசுவாமி, இருபது வருடம் கழித்து இந்தியாவின் பழைய சுடுமண் உருவங்களைப் பற்றியும் எழுதினார். தந்தமும் வெள்ளியும் பார்த்துப் பழகிய கண்ணுக்கும் மண் அலுக்கவில்லை.

மொலகொடவுக்கு வருவோம். துளையைப் பார்த்தபின் யானையை விரலால் சுண்டுங்கள். நன்றாக வெந்தது கணீரென்னும். கீறல் விழுந்தது சொத்தென்னும். கடைக்கார அம்மா முறைத்தால், ரேடியோவில் சொன்னார்கள் என்று சொல்லிவிடுங்கள்.