பருவங்களைப் படிக்கும் பிள்ளைகள்

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், விடுதி, உதவித்தொகை, வேலைவாய்ப்பு ஆகியவற்றைப் பற்றி ஏனையோர் விரிவாகப் பேசுவார்கள். நாம் இங்கே எடுத்துக்கொண்ட பொருள், செலவில்லாத ஒரு கல்வியைப் பற்றியது. நம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வரப்பிலும் ஏரிக்கரையிலும் நடந்து, சுற்றியுள்ள இயற்கையை ஆண்டு முழுவதும் உற்றுநோக்கச் செய்யும் கல்வி அது.

"வயலிலிருந்து மீட்கத்தானே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினோம்? மீண்டும் வயலுக்கே அழைத்துப் போவதா?" என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் பிறர் நிலத்தில் குனிந்தே உழைத்தவர்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டமே 1976ஆம் ஆண்டில்தான் வந்தது. மாடு மேய்க்கவும் களை பறிக்கவும் அனுப்பப்பட்ட சிறுவனுக்கு வயல் தெரியும். ஆனால் அதை நின்று பார்க்க நேரமில்லை. குருவி கூடு கட்டுவதை அரைமணி நேரம் பார்த்து நின்றால் வசையும் அடியும்தான் கிடைக்கும். கூலிக்காகக் குனிவது வேறு. அறிவதற்காக நிமிர்ந்து பார்ப்பது வேறு. முன்னது நம்மீது சுமத்தப்பட்டது. பின்னது நமக்கு மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டதையே இன்று நம் பிள்ளைகளுக்குக் கேட்கிறோம்.

இக்கல்விக்கு ஆசிரியர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். ஈர வரப்பில் படரும் ஆரைக்கீரையை நம் தாய்மார்கள் பறித்து வந்து சமைக்கிறார்கள். ஒரு காம்பின் நுனியில் நான்கு இலைகள் கொண்ட இச்செடி பூப்பதில்லை, காய்ப்பதில்லை, விதையும் இல்லை. தாவரவியல் நூல்கள் இதனைப் பெரணி இனத்தில் சேர்க்கின்றன. விதைத்துகள்களால் பெருகும் தாவரத்திற்கு எடுத்துக்காட்டுத் தேடி நம் மாணவன் தொலைவில் உள்ள மலைக்குப் போக வேண்டியதில்லை. அது அவன் வீட்டுக் குழம்பில் இருக்கிறது. மாலையில் ஒருமுறையும் காலையில் ஒருமுறையும் அச்செடியைப் பார்க்கச் சொல்லுங்கள். இரவில் இலைகள் மடிந்து, பகலில் விரிவதை அவனே கண்டுகொள்வான்.

வரப்பில் உள்ள வளைகளுள் எதில் எலி இருக்கிறது என்பதை நம் பெரியவர்கள் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். வாயில் புதுமண்ணால் அடைபட்டிருந்தால் உள்ளே எலி உண்டு. அடையாளத்தைக் கண்டு, காரணத்தை ஊகித்து, தோண்டிப் பார்த்துத் தெளிவதே அறிவியலின் வழி. இதனைப் பட்டினியின் அறிவு என்று இகழ்ந்தார்கள். நம்மில் படித்தவர் சிலரும் இதைச் சொல்ல நாணுகிறார்கள். அந்த நாணம் நீங்க வேண்டும்.

பருவங்களைப் படிப்பதற்கு ஒரு பனைமரம் போதும். சித்திரை, வைகாசியில் நுங்கு. ஆடி, ஆவணியில் பழம். அக்கொட்டையைப் புதைத்து வைத்தால் தை மாதத்தில் கிழங்கு. எல்லாப் பனையும் காய்ப்பதில்லை, ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆண்பனை, பெண்பனை என்ற வேறுபாட்டை அங்கேயே விளக்கலாம். மழைக்காலத்தை ஒட்டி அதே மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டும். கட்டுவது ஆண்குருவி. பாதிக் கூடு முடிந்ததும் பெண்குருவி வந்து பார்வையிடும். அதற்குப் பிடித்தால்தான் மீதி வேலை தொடரும். அக்கூட்டில் மின்மினியை ஒட்டி விளக்கேற்றுகிறது என்று ஊரார் சொல்வார்கள். குஞ்சுகள் பறந்த பின் கீழே விழுந்து கிடக்கும் கூட்டைப் பிரித்துப் பார்க்கட்டும். களிமண் உருண்டை ஒட்டியிருக்கும். மின்மினி உண்டா இல்லையா என்பதை அவர்களே சொல்லட்டும். பலரும் சொல்வதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதைப் பத்து வயதில் ஒரு குருவிக்கூட்டில் கற்றுக்கொண்ட பிள்ளை, பிறப்பினால் உயர்வு தாழ்வு உண்டு என்று சொல்பவரிடமும் சான்று கேட்கும்.

மற்றொன்றையும் சொல்ல விரும்புகிறோம். திறந்த வெளியில் ஒரு கோலை நேராக நட்டு, நண்பகல் நிழலை வாரந்தோறும் அளந்து குறிக்கச் செய்யுங்கள். மார்கழியில் நீளும் நிழல் பங்குனியில் குறுகிவிடும். தமிழ்நாட்டில் ஏப்ரல் மாதத்தில் ஒரு நாளும், ஆகஸ்டுப் பிற்பகுதியிலோ செப்டம்பர்த் தொடக்கத்திலோ மற்றொரு நாளும், கதிரவன் நேர் உச்சியில் நிற்பதால் கோலுக்கு நிழலே விழாது. நிழல் பட்டாலும் தீட்டு என்று நம் முன்னோரைத் தள்ளி நிறுத்திய நாடு இது. அந்த நிழலை நம் பிள்ளைகள் அளவுகோல் கொண்டு அளக்கட்டும். நிழலுக்குச் சாதி இல்லை. அதற்கு நீளம் மட்டுமே உண்டு.

ஏரிக்கரையில் நின்று நாரையையும் கொக்கையும் எண்ணுவது சிறிய செயல்போலத் தோன்றும். ஆனால் பொதுக்குளத்து நீரைப் பருகும் உரிமைக்காகவே அண்ணல் அம்பேத்கர் 1927ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் மகத் நகரில் ஆயிரக்கணக்கான மக்களுடன் சவுதார் குளத்தில் இறங்க வேண்டியிருந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆவது விதி, பொதுக்கிணறு, குளம், நீராடுதுறை, சாலை ஆகியவற்றில் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கலாகாது என்கிறது. ஏட்டில் உள்ள உரிமை நடந்து பழகினால்தான் நிலைக்கும். கையில் குறிப்பேட்டுடன் கரையில் நிற்கும் நம் பிள்ளை, படிப்பதோடு அவ்வுரிமையையும் பயில்கிறது. தடை எழுமாயின் பிள்ளைகளை முன்னிறுத்தாமல், சங்கத்தின் பெரியவர்களே முன்நின்று சட்டத்தின் துணையோடு பேச வேண்டும்.

ஆகவே இளைஞர்களிடம் நாம் வேண்டுவன மூன்று. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாலை வகுப்புப் பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு நடைக்கும் உழைத்துப் பழுத்த ஒரு பாட்டியையோ தாத்தாவையோ ஆசிரியராக அழைத்து, "ஐயா", "அம்மா" என்று முன்னே நடக்கவிடுங்கள். பிள்ளைகள் கண்டதை நாளும் பருவமும் குறித்துத் தம் சொற்களில் எழுதட்டும். செய்தி சொன்னவரின் பெயரையும் பக்கத்தின் அடியில் எழுதட்டும். எழுத்தறியாத அம்முதியவர்கள் தம் பெயரைப் பேரப்பிள்ளையின் கையெழுத்தில் காணும் நாளே, இச்சங்கம் தொடங்கிய பணிக்குக் கிடைக்கும் பெரும் பயனாகும்.

இவ்வாறு ஓராண்டு எழுதிய ஏடுகளைச் சங்க நூலகத்தில் பாதுகாப்போம். நம் மண்ணைப் பற்றி நாமே எழுதிய நூல்வரிசை அவற்றிலிருந்து தொடங்கட்டும்.