அசரியா கேட்ட நட்பு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிக் கவிதை பாடியும் நூல்களை ஆய்ந்தும் வரும் இந்த வட்டத்தில், கவிஞன் அல்லாத என்னைப் பேச அழைத்திருக்கிறீர்கள். முப்பது ஆண்டுகள் ஆயராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். சபை, தலைமை, குடும்பம் என்னும் மூன்றையும் பற்றி உங்கள் பட்டறிவைச் சொல்லுங்கள் என்று செயலாளர் பணித்தார். இம்மூன்றிலும் நான் முழு மதிப்பெண் பெற்றவன் அல்லன். ஆகவே, என்னைவிட மிகப் பெரியவர் ஒருவரை முன்னிறுத்தி, அவர் பக்கத்தில் என் குறைகளையும் வைத்துப் பேச எண்ணுகிறேன். அந்தப் பெரியவர் தோர்ணக்கல் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

அவருக்கும் நம் தாம்பரத்துக்கும் தொடர்பு உண்டு. 1837ஆம் ஆண்டு தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி, சரியாக நூறாண்டு கழித்து, நகரத்து நெரிசலை விட்டுச் சேலையூர்க் காட்டுப் பகுதிக்குக் குடிவந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை, உலகத் திருச்சபைகளின் அருட்பணி மாநாடு அங்கே கூடியது. சீனாவின் ஹாங்சௌ நகரில் கூடுவதாக இருந்த மாநாடு அது. சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போர் மூண்டதால் தாம்பரம் வந்து சேர்ந்தது. ஏறத்தாழ எழுபது நாடுகளிலிருந்து நானூற்று எழுபது பேர் வந்தனர். ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்த இரு நாடுகளின் மக்கள், சீனரும் ஜப்பானியரும், அந்த மரநிழலில் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டனர். ஜப்பானிலிருந்து ககாவா வந்திருந்தார். பின்னாளில் 1960ஆம் ஆண்டுக்குரிய அமைதி நோபல் பரிசைப் பெற்ற தென்னாப்பிரிக்கத் தலைவர் ஆல்பர்ட் லுதூலியும் வந்திருந்தார். நாம் நாள்தோறும் மின்தொடர் வண்டியிலும் பேருந்திலும் கடந்து போகிற அந்த மரக்கூட்டத்துக்குள் இத்தனையும் நிகழ்ந்திருக்கிறது.

அந்த அவையில் அறுபத்து நான்கு வயதுப் பேராயராக அமர்ந்திருந்தவர் அசரியா. வந்திருந்தோருள் ஏறத்தாழப் பாதிப் பேர் ஆசியா, ஆப்பிரிக்கா முதலிய நிலப்பகுதிகளின் இளைய திருச்சபைகளைச் சேர்ந்தவர்கள். அதைக் கண்டு அவர் உள்ளம் எவ்வளவு நிறைந்திருக்கும் என்பதை உணர, இருபத்தெட்டு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1910ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் இதே போன்றதொரு மாநாடு கூடியது. ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு பேர் அமர்ந்திருந்த அந்த அவையில் ஆசியர் இருபது பேர்கூட இல்லை. அந்தச் சிலருள் ஒருவராகப் பேச எழுந்தார் அசரியா. அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் 1874ஆம் ஆண்டு பிறந்தவர். கிராமச் சபையின் குருவானவர் தாமஸ் வேதநாயகத்தின் மகன். அன்னை எல்லன் அம்மையாரின் கண்டிப்பில் வளர்ந்தவர். அவையிலோ வெள்ளையர் ஆட்சியின் முழுப் பெருமிதம் நிறைந்திருந்தது. நன்றி கூறி அமர்ந்திருந்தால் எல்லாரும் கைதட்டியிருப்பார்கள்.

அவர் நன்றியும் கூறினார், அத்தோடு நிறுத்தவில்லை. மேலைநாட்டு அருட்பணியாளருக்கும் இந்திய ஊழியருக்கும் இடையே இருப்பது பெரும்பாலும் சம்பளம் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் உள்ள உறவே என்றார். நீங்கள் உங்கள் பொருளைத் தந்தீர்கள், உயிரையும் தந்தீர்கள். எங்களுக்கு இன்னும் ஒன்று வேண்டும், அது அன்பு, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டு முடித்தார். அவையில் சிலர் முகம் சுளித்தனர். ஆனால் அந்த மாநாட்டில் பேசப்பட்ட பேச்சுகளுள் நூறாண்டு கடந்தும் உலகம் மறவாதிருப்பது இந்தத் தமிழரின் பேச்சுத்தான்.

கவிஞர்களாகிய உங்களுக்கு இங்கே ஒன்று நினைவுக்கு வரும். வள்ளுவர் நட்பை எங்கே வைத்தார்? இல்லறவியலில் வைக்கவில்லை, இன்பத்துப்பாலிலும் வைக்கவில்லை. பொருட்பாலில், அமைச்சும் அரணும் படையும் பேசிய பின், படைச்செருக்கு என்னும் அதிகாரத்தை அடுத்து வைத்தார். நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என்று ஐந்து அதிகாரங்களை அதற்கு அளித்தார். நட்பு என்பது ஓய்வு நேரத்து இன்பம் மட்டும் அன்று, தலைமைக்கு உரிய உறுப்புகளுள் ஒன்று என்பது அவர் கருத்து. நண்பன் இல்லாத தலைவன், படை இல்லாத அரசனைப் போல ஊனமுற்றவன். எடின்பரோவில் அசரியா கேட்டதும் இதைத்தான் என்று நான் கருதுகிறேன்.

பிறரிடம் ஒன்றைக் கேட்பது எளிது. அதைத் தானே செய்து காட்டுவதுதான் அரிது. அசரியா செய்து காட்டினார். 1902ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் சென்றிருந்தபோது, அங்குள்ள தமிழ்க் கிறித்தவர்கள் தம் சொந்தச் செலவில் தமிழகத்துக்குப் பணியாளரை அனுப்புவதைக் கண்டு நாணினார். மறு ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய அருட்பணிச் சங்கம் பிறந்தது. பிறரை அனுப்பிக்கொண்டிருந்தவர், 1909ஆம் ஆண்டு தாமே புறப்பட்டார். நிசாம் ஆட்சிக்கு உட்பட்ட தோர்ணக்கல்லில் கூடாரம் அடித்துத் தங்கித் தெலுங்கு கற்றார். 1912 டிசம்பரில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகத் திருநிலை பெற்றார். அதன் பின்னும் மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்று, ஒடுக்கப்பட்ட மாலர், மாதிகர் குடியிருப்புகளில் அமர்ந்து பேசினார். பேராயர் வந்து தங்கள் திண்ணையில் உட்காருவது அம்மக்களின் வாழ்வில் அதுவரை நிகழாத ஒன்று.

அவருடைய குடும்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1898ஆம் ஆண்டு அவர் மணந்த அன்பு மரியம்மாள், அக்காலத்தில் கல்லூரிப் படிப்பை எட்டிய மிகச் சில தென்னிந்தியக் கிறித்தவப் பெண்களுள் ஒருவர். தோர்ணக்கல் பணியில் அவர் கணவரின் பின்னால் நின்றவர் அல்லர். பெண்களிடையே நடந்த பணியைத் தாமே தாங்கியவர். குருப்பட்டத்துக்குப் பயின்ற மாணவர்கள் அங்கே மனைவி மக்களோடு வந்து தங்கினர். மனைவியருக்கும் பாடம் நடந்தது. குருவானவர் ஒருவரைப் பயிற்றுவிப்பது என்றால் அவருடைய வீட்டையும் பயிற்றுவிப்பது என்பது அசரியாவின் கொள்கை. ஊரார் முதலில் படிக்கும் மறைநூல் குருமனையின் அடுக்களைதான் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இங்கேதான் என் குறையைச் சொல்ல வேண்டியவனாகிறேன்.

ஆயர் என்ற முறையில் நான் ஒரு குறிப்பேடு வைத்திருந்தேன். எந்த நாளில் எந்த வீட்டைச் சந்தித்தேன், யாருக்கு நோய், யார் வேலை இழந்தார், எந்தப் பிள்ளைக்குத் தேர்வு என்று வரி வரியாக எழுதி வைப்பேன். குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர், முடிச்சூர் என்று மிதிவண்டியிலும் பின்னர் மொபெட்டிலும் சுற்றி எழுதிய ஏடு அது. ஆண்டு முடிவில் அதைப் புரட்டிப் பார்ப்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. ஒருநாள் என் துணைவியார் அதை எடுத்துப் படித்தார். படித்து முடித்து மேசைமேல் வைத்துவிட்டு, "எல்லா வீடும் இருக்கு; நம்ம வீடு மட்டும் இல்லையே" என்றார். அவர் குரலில் சினம் இல்லை. அது இருந்திருந்தால் நான் மறுமொழி சொல்லியிருப்பேன். அந்த ஆண்டு எங்கள் மகள் பள்ளி இறுதித் தேர்வில் ஒரு பாடத்தில் தவறியிருந்தாள். அதை எனக்குச் சொல்ல அஞ்சி நான்கு நாள் மறைத்திருந்தாள். சபையில் எவர் வீட்டுப் பிள்ளையும் என்னிடம் வந்து அழலாம். என் பிள்ளை என்னிடம் வந்து அழ முடியவில்லை. நான் அவளுக்கு ஆயராக இருந்தேனே ஒழிய, நண்பனாக இல்லை.

இலக்கியத்திலும் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்துக்கு மூலம், ஜான் பனியன் எழுதிய பயணக் கதை என்பதை இந்த அவை அறியும். அக்கதையின் நாயகன் மனைவி மக்களை விட்டுத் தனியாகவே மோட்ச வழியில் புறப்படுகிறான். முதற்பாகம் 1678ஆம் ஆண்டு வெளிவந்தது. பனியனுக்கு அதோடு மனம் அமையவில்லை போலும். 1684ஆம் ஆண்டு இரண்டாம் பாகம் எழுதி, அந்த மனைவியையும் பிள்ளைகளையும் அதே வழியில் நடத்திக் கொண்டுவந்தார். நான் முதற்பாகத்திலேயே பல்லாண்டு நின்றுவிட்டவன். குறிப்பேட்டில் எங்கள் வீட்டுப் பெயரை எழுதத் தொடங்கிய பிறகுதான் என் இரண்டாம் பாகம் தொடங்கிற்று. வெள்ளிக்கிழமை மாலை என்று குறித்துக்கொண்டேன். முதல் சில வாரங்கள் என்ன பேசுவது என்று எனக்கும் தெரியவில்லை, மகளுக்கும் தெரியவில்லை. பல்லாங்குழி ஆடினோம். பேச்சு பிறகு வந்தது.

தலைமையைப் பற்றி நான் கற்ற பாடத்தைச் சொல்கிறேன். 2015 டிசம்பரில் அடையாறு கரை கடந்து முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் நீரில் மூழ்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நான் பணியாற்றிய ஆலயத்தின் கூடத்தைத் திறந்து விட்டோம். சேகரக் குழுவினர் சிலர், முறைப்படி தீர்மானம் எழுதிக் கையொப்பம் பெற வேண்டுமே என்று தயங்கினர். நானோ வாசலில் நோட்டும் பேனாவுமாக நின்றேன். இடுப்பில் குழந்தையோடு ஓர் அம்மையார் வந்தார். பழக்கத்தில் என் வாய், "எந்தச் சபை?" என்று கேட்டுவிட்டது. அந்த அம்மையார் விழித்தார். ஆலயத்தைப் பெருக்கித் தூய்மை செய்யும் மூதாட்டி என் பின்னாலிருந்து, "நனைஞ்சு வந்த சபை, ஐயா. நகருங்க" என்று சொல்லிக் குழந்தையை வாங்கிக்கொண்டார். நான் நகர்ந்தேன். அடுத்த மூன்று நாளும் அந்த மூதாட்டிதான் அங்கே தலைவர். அசனப் பண்டிகைக்கு வைத்திருந்த பெரிய அண்டாக்களை எடுக்கச் சொன்னவர் அவர். எவர் எங்கே படுப்பது என்று சொன்னவரும் அவரே. மருத்துவரும் பொறியாளரும் அவர் சொற்படி வாளி சுமந்தார்கள்.

அதுவரை தலைமை என்பது முன்னால் நிற்பது என்று எண்ணியிருந்தேன். வேண்டிய நேரத்தில் வழிவிட்டு நகர்வதும் அதன் பாதி என்று அன்று கற்றேன். "நகருங்க" என்று சொல்லும் துணிவு அந்த மூதாட்டிக்கு எங்கிருந்து வந்தது? என்னை அவர் அதிகாரியாக மட்டும் கருதியிருந்தால் வந்திராது. தவறும்போது இடித்துச் சொல்லத் தக்க ஒருவரையேனும் அருகில் வைத்திராத தலைவன், பகைவர் இல்லாமலே கெடுவான் என்பது வள்ளுவர் எச்சரிக்கை. எனக்கு அப்படி இருவர் கிடைத்தனர்: அடுக்களையில் ஒருவர், ஆலய வாசலில் ஒருவர்.

மீண்டும் தாம்பரம் மாநாட்டுக்கு வருகிறேன். அது முடிந்த சில நாள்களில், 1939 ஜனவரியில், அசரியா கால் நூற்றாண்டு பாடுபட்டு எழுப்பிய தோர்ணக்கல் பேராலயம் படைக்கப்பட்டது. கோயில், மசூதி, தேவாலயம் என்னும் மூன்று கட்டடக் கலைகளின் சாயலும் அதில் கலந்திருக்கின்றன. 1945 ஜனவரி முதல் நாள் அவர் மறைந்தார். அவர் நெடுநாள் உழைத்த ஒன்றுபட்ட தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது 1947 செப்டம்பர் 27 அன்று. அதை அவர் காணவில்லை. இருந்தும் அவர் தோற்றார் என்று எவரும் சொல்வதில்லை. முடித்துப் பார்ப்பது தலைவனுக்கு வாய்க்கலாம், வாய்க்காமலும் போகலாம். நட்பை விட்டுச் செல்வது மட்டும் அவன் கையில் இருக்கிறது.

பெருமக்களே, ஒரு சபைக்கும் உங்கள் வட்டத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டிலும் வருகைப் பதிவேடு உண்டு. இரண்டிலும் மேடை உண்டு. மேடைக்கு ஆசைப்படுவோரும் உண்டு. பாராட்டுக்குக் குறைவு இல்லை. ஆயினும் என் வரி ஒன்று பொய்யாக இருந்தால், பொய் என்று என்னிடம் சொல்ல இங்கே ஒருவர் இருக்கிறாரா என்று ஒவ்வொரு கவிஞரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கவிதையை முதலில் கேட்க வேண்டிய வீட்டார், விழா அழைப்பிதழைப் பார்த்துத்தான் அதை அறிகிறார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். பத்தாண்டுப் பதிவேட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். முதலாண்டில் தவறாமல் கையொப்பமிட்டு, இடையிலே நின்றுபோன பெயர்கள் சில அதில் இருக்கும். நோயோ, வறுமையோ, யாரோ சொன்ன கடுஞ்சொல்லோ காரணமாக இருக்கலாம். இந்த மலர் அச்சாகி வந்ததும் அவர்களுக்கு அஞ்சலில் அனுப்பாதீர்கள். ஒருவர் நேரில் எடுத்துச் சென்று, அவர்கள் வீட்டுத் திண்ணையில் சற்று நேரம் உட்கார்ந்து, கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். அசரியா கேட்டது அவ்வளவுதான்.