சான்று காட்டும் நெறி



ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஆதாரங்களைப் பெயர் சுட்டிக் காட்டும் முறை மேனாட்டுச் சர்வகலாசாலைகளிலிருந்து நேற்று வந்த சம்பிரதாயம் என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். கோவை மாநகரில் கூடியுள்ள இக்கருத்தரங்கில், கொங்குநாட்டில் நின்று பேசும் எனக்கு அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

சிலப்பதிகாரத்திற்குப் பேருரை வகுத்த அடியார்க்கு நல்லார், இக்கொங்குநாட்டு விசயமங்கலத்தை அடுத்த நிரம்பையில் தோன்றியவர் என்பது அறிஞர் பலர் கொள்கை. அப்பெரியார் தம் உரைப்பாயிரத்தில், இசை நாடகத் தமிழ் நூல்களுள் இறந்துபட்டவை இவை என முதலில் பிரித்துரைத்து, அதன்பின் தாம் துணைக்கொண்டவை சிகண்டியாரின் இசைநுணுக்கம், யாமளேந்திரரின் இந்திரகாளியம், அறிவனாரின் பஞ்சமரபு, ஆதிவாயிலாரின் பரதசேனாபதீயம், மதிவாணனாரின் நாடகத்தமிழ் நூல் என்று ஐந்தனையும் ஆசிரியர் பெயரோடு எடுத்தோதுகிறார். அவ்வளவில் நில்லாது, அவ்வைந்தும் இக்காப்பியத்தின் கருத்தறிந்து எழுந்தவை அல்ல என்றும், ஒருபுடை ஒப்புமை பற்றியே தாம் அவற்றைக் கைக்கொண்டதாகவும் மறையாது மொழிகிறார். தம் ஆதாரத்தின் எல்லையைத் தாமே வரையறுத்துச் சொல்லும் இந்நேர்மையை இன்றைய ஆய்வேடுகளிலும் நான் அரிதாகவே காண்கிறேன்.

இதனால் விளைந்த பிரயோசனம் சிறிதன்று. 1892ஆம் ஆண்டு மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் அவ்வுரையைப் பதிப்பித்தபின் பஞ்சமரபு என்னும் பெயர் கற்றோரிடையே நிலவியது, நூலோ கிடைத்திலது. பின்னர்த் தெய்வசிகாமணிக் கவுண்டரவர்களின் அரிய முயற்சியால் அது 1973இல் அச்சேறியபோது, கிடைத்தது இன்ன நூல் என்று துணிவதற்கு அப்பழைய குறிப்பே துணைநின்றது. இதற்கு மாறாக, சீவகசிந்தாமணிக்கு உரைகண்ட நச்சினார்க்கினியர் பிறர் கூறினர் என்ற அளவிலேயே விட்டுச்சென்ற மேற்கோள்களின் ஆகரத்தைத் தேடி, 1887இல் அந்நூலை வெளியிடுமுன் ஐயரவர்கள் பட்ட பாடு அவர்தம் சுயசரிதத்தைப் பயின்றார் அறிவர்.

இனி, சான்றுக் குறிப்பில் ஆசிரியர், நூல், ஆண்டு, பக்கம் என்பனவற்றை எவ்வரிசையில் அமைப்பது என்பதில் சர்வகலாசாலைக்குச் சர்வகலாசாலை வேறுபாடு உண்டு. ஏதேனும் ஒன்றைக் கொண்டு கட்டுரை முழுதும் அதனையே பின்பற்றினால் போதும். ஆனால் குடும்பப் பெயரை முன்வைக்கும் மேனாட்டு விதியை நம் பெயர்களின்மேல் அப்படியே ஏற்றினால், ஆசிரியரின் இடத்தில் அவர் தந்தையார் வந்து அமர்ந்துவிடுவார். ஆதலின் தமிழ்ப் பெயரை முழுமையாக முதலில் எழுதித் தலைப்பெழுத்தை அதன்பின் வைத்தலே தக்கது. பேரூர்க் கோயிற் கல்வெட்டொன்றைக் காட்டுவோர், 'பேரூர்க் கல்வெட்டு' என்று எழுதி அமையாமல், தொல்லியல் துறை ஆண்டறிக்கையின் வருஷத்தையும் கல்வெட்டின் எண்ணையும் தருதல் வேண்டும். கொங்குதேச ராஜாக்கள் சரித்திரத்தை ஆள்வோர், தாம் கண்டது கையெழுத்துப் பிரதியா அச்சுப் பதிப்பா என்பதைத் தெளிவாகக் கூறவேண்டும்.

மற்றொருவர் அடிக்குறிப்பிலிருந்து எடுத்ததை, மூலத்தையே நேரிற் கண்டதுபோல் எழுதுவது பெருங்குற்றம். இவ்வவையில் கட்டுரை படிக்கவிருக்கும் இளைஞர்களை நான் வேண்டுவது இதுதான்: கண்டதைக் கண்டதாகவும், பிறர்வழி அறிந்ததை அவர் பெயராலும் எழுதுங்கள், அச்சுக்கு அனுப்புமுன் ஒவ்வொரு மேற்கோளையும் மூலத்தோடு ஒருமுறை ஒப்புநோக்குங்கள்.