வழக்கு யாருடையது? மொழிபெயர்ப்பில் காணாமல் போகும் சாதி



மறைந்த தோழரின் நினைவாக நடக்கும் இந்த உரைக்கு, வட்டார வழக்கும் மொழிபெயர்ப்பும் என்ற பொருளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். தேர்வடம் பிடிக்கவும் சுடுகாட்டுப் பாதைக்கும் போராட வேண்டியிருக்கிற ஒரு பகுதியில் இது இவ்வளவு அவசரமா என்று சில தோழர்கள் கேட்டார்கள். அவசரம்தான். நம் எழுத்து இன்று ஆங்கிலத்துக்குப் போகிறது. அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளுக்கும் போகிறது. போய்ச் சேருகிற இடத்தில் சாதி தெரிகிறதா, துடைக்கப்படுகிறதா என்பதே என் கேள்வி.

முதலில் 'வழக்கு' என்பதைப் பார்ப்போம். செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலத்துச் சொற்களைத் தொல்காப்பியம் திசைச்சொல் என்றது. பின்னால் வந்தவர்கள் அந்த நிலங்களைக் கொடுந்தமிழ் நாடு என்றார்கள். செம்மை என்றால் நேர். கொடுமை என்றால் வளைவு. எது நேர், எது வளைவு என்று அளந்த கோல் யார் கையில் இருந்தது? எழுத்து யார் கையில் இருந்ததோ அவர்கள் கையில்தான்.

1960களில் வில்லியம் பிரைட், ஏ.கே. ராமானுஜன் போன்றோர் தமிழ்ப் பேச்சை ஆராய்ந்தபோது, பிராமணர் வழக்கு, பிராமணர் அல்லாதார் வழக்கு என்ற பிரிவே முதன்மையாக நின்றது. முக்கியமான ஆய்வுதான். ஆனால் 'அல்லாதார்' என்ற ஒரே கூடையில் பண்ணையாரும் பண்ணையாளும் கிடந்தார்கள். அதன்பின் கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைத் தந்தார். பெருமாள்முருகன் 2000இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதியைத் தந்தார். இரண்டும் பெரும் உழைப்பு. இவற்றால் வட்டாரம் என்ற நிலத்துக்கு மதிப்புக் கிடைத்தது. ஆனால் அந்த நிலத்துக்குள் ஊர் என்றும் சேரி என்றும் ஒரு கோடு ஓடுகிறதே, அந்தக் கோட்டைச் சொல்லின் பொருளோடு சேர்த்துப் பதிகிற வேலை இன்னும் நமக்குப் பாக்கி இருக்கிறது.

நம் ஊர்ச் சொல் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 'ஆச்சி'. திருநெல்வேலிப் பக்கம் பாட்டியை ஆச்சி என்பார்கள். காரைக்குடியில் நகரத்தார் வீட்டுப் பெண்ணுக்கு அது மரியாதைப் பெயர். சின்ன வயதுப் பெண்ணும் ஆச்சிதான். அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அறுபது வயது அம்மா, முப்பது வயது முதலாளி அம்மாவை "ஆச்சி" என்று கூப்பிடுகிறார். அகராதியை மட்டும் நம்புகிற மொழிபெயர்ப்பாளர் இதைப் பாட்டி என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டால் என்ன ஆகும்? அதிகாரம் இருந்த இடத்தில் பாசம் வந்து உட்கார்ந்துகொள்ளும். வேலைக்காரி, முதலாளி என்ற உறவு பேத்தி, பாட்டி உறவாகிவிடும்.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2000இல் வெளியானது. கிராஸ்வேர்ட் விருதும் பெற்றது. ஆதிக்கச் சாதி வீட்டுச் சின்னப் பிள்ளைகள்கூடத் தன் பாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதையும், பாட்டி அந்தப் பிள்ளைகளை 'அய்யா' என்றதையும் பாமா அதில் எழுதியிருக்கிறார். ஆசிரியரே அதை எடுத்துச் சொல்வதால் ஆங்கிலத்திலும் அது நிற்கிறது. ஆனால் ஒரு கதையில், விளக்கம் எதுவும் இல்லாமல் வெறும் உரையாடலாக அது வந்தால்? "ஏ, இங்க வா" என்று பையன் சொல்கிறான். "சொல்லுங்க" என்று கிழவி சொல்கிறார். ஆங்கிலத்தில் நீ, நீங்கள் இரண்டுக்கும் 'யூ' ஒன்றுதான். இருவரும் சமமாகிவிட்டார்கள்.

இப்போது அந்த ஆங்கிலத்திலிருந்து ஒருவர் ஜெர்மனுக்குப் பெயர்க்கிறார் என்று வையுங்கள். ஜெர்மனில் நம்மைப் போலவே இரண்டு உண்டு: நெருங்கியவரையும் பிள்ளைகளையும் 'டூ' என்பார்கள், மரியாதைக்கு 'ஸீ' என்பார்கள். மொழிபெயர்ப்பாளர் முன்னால் இருப்பதோ வெறும் 'யூ'. அவர் தன் நாட்டு வழக்கப்படிதான் தேர்வு செய்வார். பையன் கிழவியை 'ஸீ' என்பான். கிழவி பையனை 'டூ' என்பார். தோழர்களே, சாதி இங்கே வெறுமனே மறையவில்லை, தலைகீழாகிவிட்டது. தமிழிலிருந்து நேராகப் பெயர்த்திருந்தால், கிழவியைப் பார்த்துப் பையன் 'டூ' என்பதையும், அவனுக்கு அவர் 'ஸீ' போடுவதையும் படிக்கிற ஜெர்மன் வாசகருக்குத் திடுக்கென்றிருக்கும். இது என்ன சமூகம் என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்விதான் நமக்கு வேண்டும்.

ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் இடையிலேயே இந்தச் சிக்கல் பழையது. மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலில் ஜிம் என்ற கறுப்பின அடிமை தன் மக்களின் ஆங்கிலத்தைப் பேசுகிறார். அதன் ஜெர்மன் மொழிபெயர்ப்புகளை ரஃபேல் பெர்த்தலே ஆராய்ந்து 2000இல் எழுதினார். சிலவற்றில் ஜிம்மின் பேச்சு, வினைமுற்றைக்கூட முடிக்கத் தெரியாத, மொழி பழகாத வெளிநாட்டுக்காரர் பேச்சாகிவிட்டது. கறுப்பர் ஆங்கிலத்துக்கு முழுமையான இலக்கணமும் தர்க்கமும் உண்டு என்று வில்லியம் லபோவ் 1969இலேயே வாதாடினார். ஆனாலும் வேறு இலக்கணம் உள்ள பேச்சு, இலக்கணமே இல்லாத பேச்சாகக் காட்டப்பட்டது.

அப்படியானால் நம் மக்கள் பேச்சைப் பவேரிய வழக்கில் போடலாமே என்பவர்கள் உண்டு. பவேரியாவில் அமைச்சரும் அந்த வழக்கைப் பேசுவார், மாடு மேய்ப்பவரும் பேசுவார். அது ஊரைச் சொல்லும், தீண்டாமையைச் சொல்லாது. நம் பேச்சு இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது.

இந்த மண்ணில் மொழியும் எழுத்தும் சும்மா கிடைத்தவை அல்ல. 1930 டிசம்பரில், நம் பகுதியும் சேர்ந்திருந்த ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்கச் சாதியினர் ஒடுக்கப்பட்ட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். சட்டை போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது என்றார்கள். 1931 ஜூனில் அது பதினொரு தடைகளானது. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது என்பதும் அதில் ஒன்று. ஜே.எச். ஹட்டன் தன் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். படிக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் எழுதுகிற எழுத்தைத்தான் 'பேச்சு வழக்கு, பிழை' என்று இன்னமும் திருத்துகிறார்கள். முதல் மொழிபெயர்ப்பு ஆங்கிலத்தில் நடப்பதில்லை. தமிழ் அச்சகத்திலேயே நடந்துவிடுகிறது.

எனவே மூன்று வேலைகளை முன்வைக்கிறேன்.

ஒன்று, நம் எழுத்தாளர்கள் தமிழிலிருந்து நேரடி மொழிபெயர்ப்பைக் கேட்க வேண்டும். ஆங்கிலம் வழியாகத்தான் போகும் என்றால், யார் யாரை எப்படி விளிக்கிறார் என்ற குறிப்பை எழுதிக் கையெழுத்துப் படியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இரண்டு, காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்து மாணவர்கள் உங்கள் தெருச் சொற்களைத் தொகுக்க வேண்டும். பொருள் மட்டும் போதாது. யார் யாரிடம் சொல்வது, யார் யாரிடம் சொல்லவே முடியாது என்பதையும் எழுதுங்கள். களத்துமேட்டில் வரும் சொல்லையும் சாவு வீட்டில் வரும் சொல்லையும் நம் அம்மாக்களிடம் கேளுங்கள். அவர்களே அதற்குப் புலவர்கள்.

மூன்று, பதிப்பாளர் 'திருத்தி' அனுப்பும் பக்கங்களைத் தோழர்கள் வரிக்கு வரி பார்க்க வேண்டும். எழுத்துப்பிழை திருந்தட்டும். நம் ஆத்தாவின் குரல் திருந்த வேண்டியதில்லை.

உலகம் நம்மை வாசிக்கட்டும். அய்யா என்று கூப்பிட வைத்தவர்கள் யார் என்பதையும் சேர்த்தே வாசிக்கட்டும்.

ஜெய் பீம்.