வெண்கலக் குதிரையும் கடலோரக் குடிசையும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு, 'உருசிய நாட்டுச் சீர்திருத்த மன்னன் மகா பீட்டரும் அவன் காலமும் கலைகளில்' என்பதாகும். அழைப்பிதழைப் பார்த்த அன்பர் ஒருவர், "இராயபுரத்துக்கும் உருசிய மன்னனுக்கும் என்னம்மா தொடர்பு?" என்று கேட்டார். நெய்தல் திணையை முனைவர் பட்டத்திற்காக ஆராய்ந்தவள் நான். ஆதலால் கடலும் துறைமுகமும் எங்கே பேசப்பட்டாலும் அங்கே நம் கரையைத் தேடுவது என் வழக்கமாகிவிட்டது. தேடினேன், கிடைத்தது. கிடைத்ததை உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில் மன்னனைப் பார்ப்போம். பீட்டர் 1672இல் பிறந்து 1725இல் மறைந்தவன். அரியணையில் இருந்தபோதே ஆலந்துக்கும் இங்கிலாந்துக்கும் சென்று, 1697, 1698ஆம் ஆண்டுகளில் கப்பல் கட்டும் துறைகளில் கோடரி பிடித்துத் தச்சுவேலை கற்றான். திரும்பி வந்து பிரபுக்களின் தாடியை மழிக்கச் செய்தான்; தாடி வேண்டுமென்றவரிடம் வரி வாங்கினான். கடற்படை கண்டான். பிறப்பைவிடப் பணியால் பதவி உயர வழிசெய்யும் தரவரிசைப் பட்டியலை 1722இல் வகுத்தான். 1703இல் நேவா ஆற்றின் சதுப்பு முகத்துவாரத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்னும் துறைமுக நகரை எழுப்பத் தொடங்கினான்.

இவற்றின் விலையை யார் கொடுத்தார்கள்? நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் கட்டாயமாகக் கொண்டுவரப்பட்ட குடியானவர்கள் அச்சதுப்பில் மண் சுமந்தார்கள். குளிராலும் நோயாலும் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். போர்ச்செலவுக்காகத் தலைவரி வந்தது. 1700இல் நார்வா என்னுமிடத்தில் சுவீடன் படையிடம் தோற்றுப் பீரங்கிகளை இழந்த பீட்டர், தேவாலய மணிகளை இறக்கி உருக்கிப் புதிய பீரங்கிகள் வார்க்கச் செய்தான். இந்த மணிகளை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்; மீண்டும் அவற்றிடம் வருவேன்.

இத்தகைய மன்னனைக் கலைஞர்கள் எவ்வாறு கண்டார்கள்?

இரண்டாம் காதரீன் அரசி, பிரெஞ்சுச் சிற்பி ஃபால்கோனேயை வரவழைத்துப் பீட்டருக்கு வெண்கலச் சிலை எடுத்தாள். அது 1782இல் திறக்கப்பட்டது. மன்னனின் தலையை வடித்தவர் மரீ-ஆன் கொலோ என்னும் பெண் சிற்பி. பெண்பாற் புலவர்களைப் போற்றும் இம்மேடையில் அப்பெயரைச் சொல்ல விழைகிறேன். பீடத்திற்கான மாபெரும் பாறையை நூற்றுக்கணக்கான ஆட்கள் மாதக்கணக்கில் இழுத்துவந்தனர். அலைபோல் எழும் அப்பாறையின் விளிம்பில் குதிரை முன்னங்கால் தூக்கி நிற்கிறது. அதன் பின்னங்காலடியில் ஒரு பாம்பு நசுங்கிக் கிடக்கிறது. மன்னனின் கை ஆற்றை நோக்கி நீண்டிருக்கிறது. அந்தக் கை காப்பதற்கு நீண்டதா, ஆணையிட நீண்டதா என்ற கேள்விக்குச் சிலை விடை சொல்லவில்லை.

நம் சென்னையிலும் ஒரு வெண்கலக் குதிரைவீரர் உண்டு. தீவுத்திடலருகே நிற்கும் சர் தாமஸ் மன்றோதான் அவர். இரயத்துவாரி முறையை வேரூன்றச் செய்த சீர்திருத்தக்காரர். 1820 முதல் 1827இல் காலராவால் இறக்கும்வரை சென்னை மாகாண ஆளுநர். பிரான்சிஸ் சாண்ட்ரி வடித்த அச்சிலை 1839இல் நிறுவப்பெற்றது. சேணமும் அங்கவடியும் இல்லாமல் அவர் அமர்ந்திருப்பதைக் காட்டி, 'சிற்பி மறந்துவிட்டான்' என்று கதை சொல்லாத சென்னைவாசி இல்லை. பீட்டரும் சேணமின்றிக் கரடித்தோல் மேல்தான் அமர்ந்திருக்கிறான். குதிரைமேல் என்ன இல்லை என்று நாம் நன்றாகவே பார்த்திருக்கிறோம். குதிரைக்குக் கீழே யார் இல்லை என்று கேட்டோமா? உழவன் பெயரால் நிலவரி முறையை மாற்றியவரின் பீடத்தருகே உழவன் ஒருவனும் இல்லை.

உருசியாவில் அக்கேள்வியைக் கேட்டவர் புஷ்கின். அவருடைய கொள்ளுப்பாட்டனார் ஆப்பிரிக்காவிலிருந்து சிறுவனாகக் கொண்டுவரப்பட்டுப் பீட்டரின் ஞானப்பிள்ளையாக வளர்ந்தவர். எனவே பீட்டர் அவருக்குக் குடும்பக் கதையும் ஆவான். 1833இல் அவர் எழுதிய 'வெண்கலக் குதிரைவீரன்' என்னும் நெடுங்கவிதையை உங்களில் பலர் அறிந்திருக்கலாம். ஆளற்ற ஆற்றங்கரையில் மன்னன் நின்று எதிர்கால நகரைக் கனவு காண்பதில் கவிதை தொடங்குகிறது. அடுத்து நூறாண்டு கடந்த நகரின் அழகைக் கவிஞர் உள்ளம் உருகிப் பாடுகிறார். அதில் பொய் இல்லை. அவர் அந்நகரை நேசித்தவர்.

பிறகு 1824ஆம் ஆண்டின் பெருவெள்ளம் வருகிறது. நேவா இயல்பு மட்டத்திற்கு மேல் நான்கு மீட்டருக்கும் அதிகமாக எழுந்த வெள்ளம் அது. யெவ்கேனி என்னும் ஏழை எழுத்தன் கல்சிங்கம் ஒன்றின்மேல் ஏறி உயிர் பிழைக்கிறான். அவன் மணக்க இருந்த பராஷா, கைம்பெண்ணான தாயோடு கடல்முகத்தில் ஒரு சிறு வீட்டில் வாழ்கிறாள். வெள்ளம் வடியும்போது படகுக்காரனை அமர்த்தி ஓடுகிறான். வீடு இல்லை. சித்தம் கலங்கித் திரிந்தவன், அடுத்த ஆண்டு ஓரிரவில் சிலையின் முன் வந்து நிற்கிறான். கடலோரத்தில் இந்நகரை நிறுவியவன் இவனல்லவா என்று உணர்ந்து, பல்லைக் கடித்து ஓரிரு சொல் சினந்து சொல்கிறான். அவ்வளவுதான், வெண்கல முகம் தன் பக்கம் திரும்புவதாகத் தோன்ற, அஞ்சி ஓடுகிறான். இரவெல்லாம் குளம்போசை துரத்துகிறது. இறுதியில், வெள்ளம் இழுத்துப்போட்ட அந்தக் குடிசையின் வாயிற்படியில் அவன் பிணமாகக் கிடக்கிறான்.

இக்கவிதையைத் தானே தணிக்கை செய்த முதலாம் நிக்கோலஸ் மன்னன் பல இடங்களில் குறியிட்டுத் திருப்பினான். முழுக்கவிதை புஷ்கின் இறந்தபின் 1837இல்தான் அச்சேறியது, அதுவும் மாற்றங்களோடு. ஏழை ஒருவன் சிலையிடம் முணுமுணுத்த ஓரிரு சொல்லுக்கு ஒரு பேரரசு அஞ்சியது.

ஓவியர்கள் பின்னர் வந்தார்கள். நிக்கலாய் கே 1871இல் காட்சிக்கு வைத்த ஓவியத்தில் பீட்டர் தன் மகன் அலெக்சேயை விசாரிக்கிறான். சிவப்பு விரிப்பிட்ட மேசையருகே தந்தை அமர்ந்து உற்றுப் பார்க்கிறான். மகன் கண்தாழ்த்தி நிற்கிறான். தந்தையின் சீர்திருத்தங்களை ஏற்காத அந்த மகன், மரண தண்டனை விதிக்கப்பட்டு, 1718இல் சித்திரவதைக்குப் பின் சிறையிலேயே இறந்தான். சூரிகோவ் 1881இல் தந்த ஓவியம், கலகம் செய்த ஸ்திரெல்த்ஸி வீரர்கள் தூக்கிலேறப் போகும் காலைப்பொழுது. கொலையை அவர் வரையவில்லை. வெள்ளைச் சட்டையும் கையில் எரியும் மெழுகுவத்தியுமாக வீரர்கள் இருக்க, மனைவியரும் குழந்தைகளும் சுற்றிலும் அழுகிறார்கள். மன்னன் ஓரமாகக் குதிரைமேல் இருக்கிறான். படத்தின் நடுவிடம் மக்களுக்கு உரியது. செரோவ் 1907இல் தீட்டிய படத்திலோ பீட்டர் காற்றை எதிர்த்து நெடிய காலெடுத்து நடக்க, உடன் வருவோர் குனிந்து தள்ளாடுகிறார்கள். அலெக்சேய் தல்ஸ்தோய் பீட்டரைப் பற்றிய தம் பெருநாவலை முடிக்காமலே 1945இல் மறைந்தார்.

தந்தை மகனைத் தண்டிக்கும் கதை நமக்குப் புதிதன்று. திருவாரூர்க் கல்தேரைப் பார்க்கும்போதெல்லாம் மனுநீதிச் சோழன் நினைவுக்கு வருகிறான். சேக்கிழார் பாடிய அக்கதையை 1854இல் 'மனுமுறை கண்ட வாசகம்' என்று உரைநடையில் தந்தவர் வள்ளலார். ஏழுகிணற்றில் வாழ்ந்து, திருவொற்றியூர்க் கோயிலுக்கு நடையாய் நடந்த அந்த இராமலிங்கர் நம் பகுதிக்காரர் என்று உரிமையோடு சொல்லலாம். பசுவின் துயரைக் கேட்ட சோழன், தான் செய்த பாவம் எதுவோ என்று அடுக்கடுக்காகத் தன்னையே விசாரிக்கிறான். கூலியாளின் கூலியைக் குறைத்ததும், குடிகள்மேல் வரியை ஏற்றியதும் அந்தப் பட்டியலில் வருகின்றன.

இரண்டு கதைகளிலும் தந்தைதான் நீதிபதி, மகன்தான் குற்றவாளி. ஆனால் பீட்டர் மகனை விசாரிக்கிறான். சோழன் முதலில் தன்னை விசாரிக்கிறான். சோழனை அவ்வாறு விசாரிக்க வைத்தது எது? அரண்மனை வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணி. வாயில்லாத ஒரு பசு அதை அசைக்க முடிந்தது. பீட்டரோ மணிகளை உருக்கிப் பீரங்கியாக்கினான். யெவ்கேனிக்கு அசைப்பதற்கு ஒரு மணியும் இல்லை. அதனால்தான் அவன் நள்ளிரவில் ஒரு சிலையிடம் போய் முறையிட வேண்டியதாயிற்று.

இனி நம் கரைக்கு வருவோம். சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. மசூலாப் படகுக்காரர்களும் கட்டுமரக்காரர்களும் அலைகடந்து சரக்கையும் மனிதரையும் கரை சேர்த்த காலம் நெடியது. 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். கடலுக்குள் கற்சுவர்கள் நீண்டன. 1881 நவம்பரில் அடித்த புயல் அவற்றைச் சிதைத்தது. மீண்டும் கட்டினார்கள். நம் கடலில் ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரீனா அகன்றது. மணல் வராத வடக்கே கடல் கரையைத் தின்றது. இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை இன்று நாம் காணும் கருங்கல் அடுக்குகள் அந்தக் கணக்கின் மீதி. 1856இல் தென்னகத்தின் முதல் பயணிகள் இரயில் புறப்பட்ட பெருமை இராயபுரத்துக்கு உண்டு; அலைக்குத் தெருக்களைக் கொடுத்த துயரமும் அதே கரைக்கு உண்டு. 2001இல் எண்ணூரில் இன்னொரு துறைமுகம் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்தபோது, படகும் வலையும் வீட்டுச்சுவரும் கறுத்ததை உங்களில் பலர் நேரில் கண்டீர்கள்.

புஷ்கினின் கதையை வகுப்பில் சொன்னபோது நான் ஒரு கேள்வி கேட்டேன்: "வெள்ளம் வரும் இடத்தில் பராஷாவின் தாய் ஏன் வீடு வைத்திருந்தாள்?" கரையோரத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, "வேற எங்க மிஸ் வைப்பாங்க?" என்றாள். புஷ்கினைப் பற்றி நான் படித்த எந்த விமரிசனமும் அந்த ஒரு வரிக்கு ஈடாகாது. என் கேள்வியே கரையில் வாழாதவளின் கேள்வி என்று அன்று விளங்கியது.

சங்க இலக்கியத்திலும் ஒரு துறைமுக நகரும் அதன் மன்னனும் உண்டு. பட்டினப்பாலை கரிகாலனின் புகாரைப் பாடுகிறது. காடழித்து நாடாக்கிய அவன் பெருமையோடு, பாழ்பட்ட ஊர்களின் காட்சியையும் கடியலூர் உருத்திரங்கண்ணனார் தருகிறார். ஆனால் பாழானவை பகைவர் ஊர்கள். சொந்த நகரம் சொந்தக் குடிகளிடம் வாங்கும் விலையை அந்தப் பாட்டு பேசவில்லை. அப்புகாரையே கடல் கொண்ட செய்தியை மணிமேகலை சொல்கிறது. அங்கும் கடல்கோளின் காரணம் மன்னனிடம்தான் போய் நிற்கிறது.

கவிஞர் பெருமக்களே, உரிமையோடு ஒரு குறை சொல்ல அனுமதியுங்கள். இவ்வட்டத்தின் பத்தாண்டுக் கவியரங்கங்களில் பெரும்பாலானவற்றைக் கேட்டிருக்கிறேன். ஆலைப்புகையைச் சபிக்கும் கவிதைகள் உண்டு. தொழில் வளத்தைப் போற்றும் கவிதைகளும் உண்டு. இரண்டிலும் கை தட்டியிருக்கிறேன். ஆயினும் சபித்தவர் இத்துறைமுகம் பல குடும்பங்களுக்குச் சோறிட்டதை மறந்தார். போற்றியவர் கரைந்த தெருவை மறந்தார். கப்பலைக் கண்டு மயங்கும் கண்ணும், வீடில்லாத மணற்பரப்பில் நின்று திகைக்கும் கண்ணும் ஒரே முகத்தில் இருந்ததால்தான் புஷ்கின் பெரிய கவிஞர். நகரை நேசித்ததால் குடிசையை அவர் மறைக்கவில்லை. குடிசைக்காக அழுததால் நகரை வெறுக்கவுமில்லை.

புஷ்கின் தம் ஏழைக்கு ஒரு பெயர் வைத்தார் என்பதையும் கவனியுங்கள். 'மீனவ மக்கள்', 'உழைக்கும் வர்க்கம்' என்று பன்மையில் நாம் எழுதும்போது கண்ணீர் பொதுவாகிவிடுகிறது. யெவ்கேனிக்கும் பராஷாவுக்கும் பெயர் இருப்பதால்தான் இருநூறு ஆண்டுகளை நெருங்கியும் அவர்கள் இழப்பு நம்மைத் தொடுகிறது. கடல்கொண்ட தெருக்களின் பெயர்கள் இன்னும் மூத்த தாய்மார்களின் நாவில் இருக்கின்றன. எந்தத் திண்ணையில் வலை காய்ந்தது, எந்த வாசலில் கோலம் விழுந்தது என்று அவர்களால் சொல்ல முடியும். அவர்களுக்குப் பின் அதைச் சொல்ல ஆளில்லை.

எனவே வட்டத்திற்கு என் வேண்டுகோள் ஒன்று. வரும் ஆண்டில் திங்கள்தோறும் நடக்கும் கூட்டங்களுள் ஒன்றையாவது கரையோரத் தெருவில் நடத்துங்கள். நாம் பாடும் முன் அவர்கள் சொல்வதைக் கேட்போம். ஒரு தெருவின் பெயர், ஒரு வீட்டின் அடையாளம், ஒரு மனிதரின் கதை என்று குறித்து வருவோம். கவிதை அதன் பிறகு வரட்டும்.

மன்னர்களுக்குச் சிலை எடுப்பவர் எக்காலத்திலும் இருப்பார்கள். மணியை அசைக்க வரும் பசுவுக்குக் கயிறு எட்டும்படி வைத்திருப்பது நம் வேலை.